நேர் மேற்கே, நேர் மேலே

புதுச்சேரி நெல்லித்தோப்பு இந்திரா காந்தி சிலையிலிருந்து நிலப்படத்தில் மேற்கே ஒரு கோடு இழுத்தால், அது வில்லியனூரையும் விழுப்புரத்தையும் தொட்டு, கல்வராயன் மலையைக் கடந்து, சேர்வராயன் மலைக்குப் பக்கத்தில் போய்ச் சேரும். புதுச்சேரி இருப்பது சுமார் 11.9 டிகிரி வடக்கு. அந்த மலைமேல் இருக்கும் ஏற்காடு சுமார் 11.8. தரைக்கணக்கில் இருபது கிலோமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. சூரியன் இரண்டு ஊருக்கும் ஒரே கோணத்தில்தான் அடிக்கிறது. ஏப்ரல் 21 வாக்கில் ஒரு தரம், ஆகஸ்ட் 21 வாக்கில் ஒரு தரம் நேர் உச்சிக்கு வருவதும் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே நாளில்தான். ஆனாலும் சித்திரையில் நெல்லித்தோப்பில் ஒருவர் இரவு பன்னிரண்டு மணிக்குத் தலையணையைத் திருப்பித் திருப்பிப் போடுகிறார், ஏற்காட்டில் இன்னொருவர் போர்வையைத் தேடுகிறார். நடுவில் இருப்பது 1500 மீட்டர் உயரம்.

என் மாமா இதைப் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அது பேச்சு என்ற நிலையிலிருந்து திட்டமாகிவிட்டது. மேல் மாடியை விற்றுவிட்டு மலையில் ஒரு சின்ன வீடு. காரணம், அவர் வீட்டு மொட்டை மாடி. பகலெல்லாம் வெயிலைக் குடித்த தளம் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் அதைக் கக்க ஆரம்பிக்கும். “சாகறதுக்குள்ள ஒரு சித்திரையாவது வேர்க்காம இருக்கணும்டா” என்பார். மாமிக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. அவர் மறுத்துப் பேசவும் இல்லை. இட்லி மாவை ஆட்டிக்கொண்டே, “பார்த்துட்டு வாங்க, நானும் வரேன்” என்றார். அந்த “நானும் வரேன்” எனக்குச் சற்று பயமாக இருந்தது.

நவம்பரில் போகலாம் என்றேன். மாமாவுக்குப் பிடிக்கவில்லை. “அப்போ இங்கயே ஜில்லுனு இருக்குமேடா, அங்க போயி என்னத்தப் பாக்கறது?” மலையை எல்லோரும் மே மாதத்தில்தான் பார்க்கிறார்கள். கோடை விழா, படகு, பஜ்ஜி, சொந்தக்காரர்களோடு ஒரு போட்டோ. மே மாதத்தில் மலை தன் நல்ல முகத்தைக் காட்டும். குடியிருக்கப் போகிறவர் பார்க்க வேண்டியது மற்ற மாதங்களை: துணி காயாத மாதம், பாதை சரிகிற மாதம், மின்சாரம் போனால் இருட்டும் குளிரும் சேர்ந்து வருகிற மாதம். பெண் பார்க்கக் கல்யாண வீட்டுக்குப் போகக்கூடாது என்பது மாமியின் பழைய கட்சி. அவர் என் பக்கம் நின்றதால் ஐப்பசி கடைசியில் கிளம்பினோம்.

கண்டமங்கலம், வளவனூர் வரை மழை. விழுப்புரம் தாண்டி உளுந்தூர்ப்பேட்டையில் சேலம் சாலைக்குத் திரும்பியதும் வானம் வெளுத்தது. இந்தப் பயணத்தில் தரை ஏறுவதே தெரியாது. எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த உயரமெல்லாம் கோரிமேடு. அதற்கு மேல் பழக்கமில்லை. தியாகதுருகத்தின் கோட்டைக் குன்று, பிறகு கள்ளக்குறிச்சி, சின்னசேலம், காய்கறி லாரிகள் நிற்கும் தலைவாசல் சந்தை, ஆத்தூர். வலது கையில் கல்வராயன் மலை நீலமாகக் கூடவே வருகிறது. சேலத்தில் நின்றால் கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 278 மீட்டர். கணக்குப்படி இங்கே நெல்லித்தோப்பைவிடக் கொஞ்சமாவது குளிர்ச்சியாக இருக்க வேண்டும். சித்திரையில் வந்து பாருங்கள்: 40 டிகிரியைத் தொடுவது சேலத்துக்குப் புதிதில்லை.

உயரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுவார்கள். உயரம் மட்டும் தட்பவெப்பத்தைத் தீர்மானிப்பதில்லை. முதல் முந்நூறு மீட்டரில் ஏறினால் கிடைக்கும் லாபத்தைவிட, கடலை விட்டு விலகியதால் வரும் நஷ்டம் பெரியது. புதுச்சேரிக்கு மதியத்தை ஒட்டிக் கடற்காற்று வரும். பகலில் நிலம் சூடேறி மேலே காற்றைத் தள்ள, அந்த இடத்தை நிரப்பக் கடல்மேல் இருந்த குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. அது நேரத்துக்கு வந்தால் 35, 36 டிகிரியோடு பகல் முடியும். மே, ஜூனில் மேற்கிலிருந்து அடிக்கும் வறண்ட காற்று கடற்காற்றைக் கரையிலேயே தடுத்து நிறுத்தும் நாட்களில்தான் நாமும் 40ஐப் பார்க்கிறோம். சேலத்துக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது, எந்த நாளிலும். சுற்றி மலை, நடுவில் கிண்ணம்.

ஆனால் சேலத்து வெயில் வீணாகவும் போவதில்லை. ஆத்தூர்ப் பக்கம் சாலையோரம் மரவள்ளிக் கிழங்கு லாரிகள் நிற்கின்றன. ஜவ்வரிசி ஆலைகளின் களங்களில் மாவும் மணியும் வெள்ளையாகப் பரந்து காய்கின்றன. அன்றைக்கு இரண்டு மழைக்கு நடுவே கிடைத்த வெயிலில் ஆட்கள் ஓடி ஓடிக் கிளறிக்கொண்டிருந்தார்கள். மாமா தப்பி ஓட நினைக்கிற அதே வெயிலுக்காக அவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1981இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கமும், இந்த மாவட்டத்தின் பாதிக் கிழங்கு வியாபாரமும் இந்த வறண்ட சூட்டை நம்பித்தான் இருக்கின்றன. புதுச்சேரியின் புழுக்கத்தில் ஜவ்வரிசி காயப்போட்டால் பூஞ்சைதான் பிடிக்கும்.

அடிவாரத்தில் டீக்கடை வாசலில் நான் கொண்டுபோயிருந்த வெப்பமானி 26 காட்டியது. அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. முதல் ஏழெட்டு வளைவு வரை மூங்கிலும் புதரும். பிறகு காற்றில் வேறொரு வாசனை. பதினைந்துக்கு மேல் மேகத்துக்குள்ளே வண்டி நுழைந்துவிட்டது. மாமா கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டினார். மாமி புடவைத் தலைப்பைக் காதோடு இழுத்துக்கொண்டார். ஏரிக்கரையில் நிறுத்திப் பார்த்தால் 20.

மலை சூரியனுக்குக் கிட்டே இருக்கிறதே, அங்கே ஏன் குளிர வேண்டும் என்று சின்ன வயதில் எல்லோருக்கும் ஒரு சந்தேகம் வரும். வெயில் காற்றை நேரடியாகச் சூடேற்றுவது மிகக் குறைவு. அது தரையைச் சுடுகிறது. தரைதான் தன்மேல் படும் காற்றைச் சூடாக்குகிறது. அந்தக் காற்று மேலே ஏறும்போது அழுத்தம் குறைவதால் விரிகிறது. விரிவதற்குத் தன் சூட்டையே செலவழிக்கிறது. ஈரமில்லாத காற்று ஆயிரம் மீட்டருக்குக் கிட்டத்தட்ட 10 டிகிரி இழக்கும். ஈரம் நிறைந்து மேகமாகிவிட்டால் நீராவி நீராக மாறும்போது ஒளித்து வைத்திருந்த சூட்டைத் திருப்பிக் கொடுப்பதால், இழப்பு பாதியளவுக்குச் சுருங்கிவிடும். சராசரியாக ஆயிரத்துக்கு 6.5 என்று வைத்துக்கொள்வது வழக்கம். நாங்கள் ஏறியது சுமார் 1100 மீட்டர், மேகத்துக்கு நடுவே. ஆறு டிகிரி இறங்கியது சரியான கணக்குதான். இதே பாதையில் காய்ந்த மார்ச் மாதப் பகலில் வந்திருந்தால் வித்தியாசம் இன்னும் கூடியிருக்கும்.

ஏற்காட்டில் வீடு பார்ப்பதென்றால் தரகரிடம் போவதற்கு முன் அங்கே வெகுகாலம் இருப்பவரிடம் பேச வேண்டும். எங்களுக்குக் கிடைத்தவர் ஒரு காப்பித் தோட்டத்தில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்து நட்டது தொடங்கி, எந்தத் தோட்டம் யார் கை மாறியது என்பது வரை அவருக்கு விரல்நுனியில். சேலத்தை அவர் பெயர் சொல்லிக் குறிப்பிடவே இல்லை. “கீழ” என்பார். “மருந்து வாங்கக் கீழ போவணும்.” “பையன் கீழ இருக்கான்.”

மாமா முதலில் பார்த்த வீடு ஏரிக்குப் பக்கத்துப் பள்ளத்தில், அழகான இடம், முன்னால் புல்வெளி. ரைட்டர் உள்ளே வரவே இல்லை. வாசலில் நின்று, “ஐயா, சுவத்த மோந்து பாருங்க” என்றார். மோந்து பார்த்தோம். பூஞ்சை. அப்புறம்தான் விளக்கினார். தெளிவான இரவுகளில் சரிவில் இருக்கும் காற்று குளிர்ந்து கனமாகித் தண்ணீர் போலப் பள்ளத்துக்கு ஓடிவந்து தேங்கிவிடும். மேலே சரிவில் இருப்பவன் ஒரு போர்வையோடு தூங்குவான், நூறு அடி கீழே பள்ளத்தில் இருப்பவனுக்கு இரண்டு போதாது. காலையில் பனிமூட்டம் கடைசியாகக் கலைவதும் அங்கேதான். உயரம் கூடினால் குளிரும் கூடும் என்ற பாடம் ஊருக்குள் தலைகீழாகிவிடுகிறது. ஊட்டியில் இது இன்னும் கண்கூடு: டிசம்பர், ஜனவரியில் உறைபனி வெள்ளை வெளேரென்று விரிவது தலைக்குந்தா மாதிரித் தாழ்ந்த புல்வெளிகளில், மேட்டில் இருக்கும் தேயிலை பல நாள் தப்பித்துக்கொள்ளும்.

இரண்டாவது வீடு கிழக்குச் சரிவில். காலை வெயில் படும், மதியத்துக்கு மேல் நிழல். தென்மேற்குப் பருவக்காற்றுக்கு முதுகு, வடகிழக்குக்கு முகம். ஏற்காடு இரண்டு பருவ மழையையும் வாங்குகிறது. ஆண்டுக்குச் சுமார் 1500 மில்லிமீட்டர். நெல்லித்தோப்பின் மழையும் எண்ணிக்கையில் ரொம்பக் குறைவில்லை, ஆனால் அது பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். மற்ற மாதங்களில் நாம் கொடியில் போட்ட துணியை இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிடலாம். இங்கே மே மாதத்து இடிமழையில் ஆரம்பித்து டிசம்பர் வரை துணிக்கு நிம்மதி இல்லை. அந்த வீட்டு அம்மாள் அடுப்புக்கு மேலே கயிறு கட்டிப் பேரப்பிள்ளையின் சட்டைகளைத் தொங்கவிட்டிருந்தார். மாமி அந்தக் கயிற்றையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

பிறகு இரண்டு பெண்களும் சமையலறையில் பேசிக்கொண்டது வீடு பார்ப்பதற்குப் போதுமான கல்வி. தண்ணீர் நம் ஊரில் 100 டிகிரியில் கொதிக்கும். 1500 மீட்டரில் 95 ஆனாலே கொதித்துவிடும். கொதிக்கிறதே தவிர, வேகவைக்கும் சூடு குறைவு. துவரம் பருப்பைத் திறந்த பாத்திரத்தில் வைத்தால் நேரம் இழுக்கும். குக்கர் இல்லாத வீடு அங்கே அரிது. இட்லி மாவு ராத்திரிக்குள் பொங்காது. முதல் நாள் மதியமே ஆட்டி, அடுப்புப் பக்கமாக வைத்துத் துணி சுற்ற வேண்டும். “பொங்கலேன்னா?” என்றார் மாமி. “தோசைதான்” என்றார் அந்த அம்மாள். மாமியின் முகத்தில் வாழ்க்கையின் பெரிய கேள்வி ஒன்று வந்து போனது.

இரவு விடுதியில் மின்சாரம் போய்விட்டது. அந்த அறையில் கூரை மின்விசிறி ஒன்று தொங்கியதை நான் கவனித்திருந்தேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். மெழுகுவத்தி வெளிச்சத்தில் மாமா தன் அப்பாவைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அவர் சைகோனில் வேலை பார்த்தவர். எங்கள் ஊரில் அப்படிக் குடும்பத்துக்கு ஒருவர் உண்டு. 1881 ஆணைக்குப் பிறகு தம் பழைய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக்கொண்ட புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தோசீனாவில் கீழ்நிலை அரசாங்க வேலைகள் திறந்தன. காவல், வரிவசூல், எழுத்து வேலை என்று கப்பல் ஏறினார்கள். மாமா வீட்டில் ஒரு படம் இருக்கிறது: தாத்தா ஊசியிலை மரங்களுக்கு நடுவே, கழுத்து வரை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, ஏதோ ஏரிக்கரையில். சின்ன வயதில் அதை நான் பிரான்ஸ் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது தலாத்.

வியட்நாமில் இருக்கும் தலாத் நகரத்தின் அட்சரேகையை அன்று கைப்பேசியில் தேடினேன். 11.94 டிகிரி வடக்கு. நெல்லித்தோப்பிலிருந்து மேற்கே இழுத்த கோட்டைக் கிழக்கே நீட்டி, வங்காள விரிகுடாவையும் சயாம் வளைகுடாவையும் தாண்டவிட்டால், அது அந்த ஏரியின் மேலேயே போய் விழுகிறது. தலாத் இருப்பது 1500 மீட்டரில். பகலில் 25 டிகிரி வாக்கில், இரவில் 15 வாக்கில், ஆண்டு முழுக்க. ஆக, நெல்லித்தோப்பு, ஏற்காடு, தலாத் மூன்றும் ஒரே சூரியனின் கீழே வெவ்வேறு படியில் உட்கார்ந்திருக்கின்றன. மேல் படியில் இரண்டு, தரையில் ஒன்று.

1893 ஜூனில் அந்தப் பீடபூமியில் ஏறிப் பார்த்தவர் அலெக்சாண்டர் யெர்சின். மறு வருடம் ஹாங்காங்கில் பிளேக் கிருமியைக் கண்டுபிடித்த அதே மருத்துவர். சில ஆண்டுகளில் கவர்னர் ஜெனரலாக வந்த போல் தூமேர், வெள்ளைக்காரச் சிப்பாய்களும் அதிகாரிகளும் உடம்பு தேற ஓர் இடம் வேண்டும் என்று தேடியபோது போட்ட நிபந்தனைகள் இன்றைக்கும் வீட்டுத் தரகர் சொல்வது போல இருக்கின்றன: உயரம் 1200 மீட்டருக்குக் குறையக்கூடாது, தண்ணீர் தாராளமாக வேண்டும், மண் விளைய வேண்டும், போய்வர வழி இருக்க வேண்டும். பிரெஞ்சுக்காரர்களுக்கு இந்தியாவில் மட்டும் இந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம், சந்திரநாகூர் என்று அவர்கள் கையில் நின்ற ஐந்தும் கடலோரம் அல்லது ஆற்றோரம். குன்றே இல்லாத இடத்தில் கடற்காற்றைத்தான் அவர்கள் மலையாக்கிக்கொண்டார்கள்: கடலைப் பார்த்து நேராக ஓடும் தெருக்கள், இரண்டு ஆள் உயரக் கூரை, ஆள் உயரச் சன்னல். கடற்கரையிலிருந்து நெல்லித்தோப்பு வருவதற்குள் அந்தக் காற்று எத்தனை கான்கிரீட் மாடிகளில் முட்டி நின்றுவிடுகிறது என்பது வேறு விஷயம்.

தமிழ்நாட்டு மலைகளை வெள்ளைக்காரர்கள் தேடிப் போனதும் இதே காரணத்துக்குத்தான். 1819இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரி ஏறினார். கோத்தகிரிக்குப் பக்கத்தில் முதல் பங்களா, பிறகு ஊட்டி. மதுரையில் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் ஆட்களைப் பறிகொடுத்த அமெரிக்க மிஷன்காரர்கள் 1845இல் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். காய்ச்சல் கெட்ட காற்றால் வருகிறது, உயரே போனால் அந்தக் காற்று இல்லை என்பது அன்றைய மருத்துவம். காரணம் பிசகு, பலன் ஓரளவு சரி. குளிரில் மலேரியாக் கிருமி கொசுவுக்குள் வளர நாளாகும். ஆனால் கோடு அத்தனை சுத்தமானதில்லை. ரொனால்ட் ராஸ் 1897இல் விடுப்பில் ஊட்டிக்கு வந்தார். அங்கிருந்து சீகூர் மலைச்சரிவுக்குப் போனவருக்கு மலேரியா பிடித்துக்கொண்டது. அந்த ஆகஸ்ட் 20ஆம் தேதிதான் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் கிருமியைக் கண்டார். தலாத்துக்குச் சாலையும் பல்சக்கர ரயிலும் போட்ட கூலிகள் எத்தனையோ பேர் அதே காய்ச்சலில் செத்தார்கள். மேலே இருக்கிற ஆரோக்கியத்துக்கான செலவைக் கீழே இருந்து சுமந்து போனவர்கள் கட்டினார்கள். நீலகிரியிலும் 1899இல் குன்னூருக்கும் 1908இல் ஊட்டிக்கும் ரயில் ஏறியதை நாம் கொண்டாடும்போது இந்தக் கணக்கைப் பேசுவதில்லை.

சரி, இவ்வளவு சுகமான இடத்துக்கு நம் முன்னோர் ஏன் போகவில்லை? பூமத்திய ரேகையிலேயே உட்கார்ந்திருக்கும் கீட்டோ 2850 மீட்டரில் இருக்கிறது; மெக்சிகோ நகரம் 2240, கிட்டத்தட்ட ஊட்டி உயரம்; அடிஸ் அபாபா 2300க்கு மேல். அங்கெல்லாம் வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே மேட்டில் பெரிய ஊர்களும் ராஜ்ஜியங்களும் இருந்தன. நம்மிடம் குறிஞ்சி முதல் திணை, ஆனால் தலைநகரங்கள் மதுரையும் உறையூரும் காஞ்சியும். அரிசிதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆண்டிஸ் மலையில் உருளையும் மக்காச்சோளமும், எத்தியோப்பியாவில் டெஃப்பும் குளிரில் விளைந்து ஊரைத் தாங்கின. நெல்லுக்குச் சூடும் தேங்கிய நீரும் வேண்டும். சேர்வராயன் மலையில் நூற்றாண்டுகளாக வாழும் மலையாளிப் பழங்குடியினர் சாமையும் ராகியும் விதைத்து வாழ்ந்தார்கள்; அவர்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று அவர்களுடைய கதைகள் சொல்கின்றன. கீழே இருந்தவர்கள் அரிசியை விட மனமில்லாமல் வியர்த்துக்கொண்டே இருந்துவிட்டார்கள்.

மறுநாள் காலை சேர்வராயன் கோயிலுக்கு ஏறினோம். மலையின் உச்சி அது, 1600 மீட்டருக்குச் சற்று மேலே, குகைக்குள் சாமி. மேகம் கலைந்த இடைவெளியில் சேலம் சமவெளி தெரிந்தது. பக்கத்தில் ஒரு பெரியவர் மிளகுக்கொடி ஏற்றிய சில்வர் ஓக் மரத்தடியில் களை வெட்டிக்கொண்டிருந்தார். மாமா அவரிடம் போய், இங்கே குளிர் எப்படி என்று கேட்டார். “முன்ன மாதிரி இல்லைங்க. சித்திரைல சட்டையக் கழட்டிட்டுத்தான் வேலை.” அவர் அதைக் குறையாகச் சொன்னாரா, வசதியாகச் சொன்னாரா என்று தெரியவில்லை.

இங்கேதான் அந்த மின்விசிறி. மலை விடுதியில் கூரை மின்விசிறி மாட்டுகிறவன் காசைக் கொட்டி அலங்காரம் செய்வதில்லை, யாரோ கேட்டிருக்கிறார்கள். ஆயிரம் மீட்டருக்கு 6.5 டிகிரி என்ற கணக்கைத் திருப்பிப் போட்டால், சராசரி வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் ஒவ்வோர் ஊரும் சுமார் 150 மீட்டர் கீழே இறங்கியதற்குச் சமம். ஏற்காடு இருக்கும் இடத்திலேயே இருக்கும், அதன் காற்று மட்டும் இறங்கிவரும். இருபது, முப்பது வருடத்துக்கு வீடு வாங்குகிறவர் இன்றைய உயரத்தை வாங்கவில்லை, வரப்போகும் உயரத்தை வாங்குகிறார். காப்பிக்கும் இதே கவலை. இன்னும் மேலே ஏறலாமே என்றால், சேர்வராயனில் மேலே இடம் இல்லை. உச்சி அதோ, கோயில் வாசலில் முடிந்துவிட்டது.

ஊட்டிக்கே போய்விடலாமா என்று மாமா கேட்டார். 2240 மீட்டர் எனக்கு அதிகம். உறைபனிக் காலையில் எழுபது வயதுக்காரர் குளிர்ந்த தரையில் கால் வைப்பதை நினைத்தாலே ஆகாது. வெயிலில் சுகமாக உட்கார்ந்தாலும் புறஊதாக் கதிர் ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. ஊட்டியில் முகம் கறுத்துத் திரும்புவது அதனால்தான். மனிதர்கள் சுகமாக நெடுநாள் வாழ்ந்துகாட்டிய வெப்ப மண்டல உயரம் 900க்கும் 1600க்கும் நடுவே என்பது என் கட்சி. பெங்களூரு 920, ஓசூர் அதற்குச் சற்றுக் கீழே. ஆனால் அகன்ற மேட்டுநிலம் தனி மலையைப் போல் நடந்துகொள்ளாது. அந்த நிலமே வெயிலில் சூடேறித் தன் காற்றையும் சூடேற்றும். ஏப்ரல் பகலில் பெங்களூரு 34ஐத் தொடும். ஆனால் இரவு இறங்கிவிடும், தூக்கம் வரும். இந்த விஷயத்தில் நான் பகல் வெப்பத்தைப் பார்ப்பதே இல்லை; இரவு எத்தனைக்கு இறங்குகிறது என்றுதான் பார்ப்பேன். நெல்லித்தோப்பின் மே இரவு 27, 28க்குக் கீழே இறங்க மறுக்கிறது. மாமாவைத் துரத்துவது அந்த 28தான், மத்தியான 38 இல்லை.

உயரத்தின் கூலியும் இருக்கிறது. நெஞ்சு வலித்தால் கீழே சேலம் அரசு மருத்துவமனைக்கு இருபது வளைவும் இறங்க வேண்டும்; நெல்லித்தோப்பிலிருந்து ஜிப்மர் ஆட்டோ தூரம். மழையில் மண் சரிந்தால் அந்த ஒரு பாதையும் இல்லை. மார்ச்சில் கிணறு வற்றும், தண்ணீர் லாரி வரும். மலை என்றால் நீர் என்று நினைக்கிறோம், பாறைமேல் விழுந்த மழை நிற்காமல் கீழேதான் ஓடுகிறது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வாங்கித்தான் வண்டி ஏற வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லும் அளவுக்குக் கீழே இருப்பவர்கள் மேலே திரள்கிறோம். அந்தத் திரளில் மாமாவும் ஒருவர், நானும் ஒருவன்.

இறங்குவதற்கு முன் கிழக்குச் சரிவு வீட்டுக்கு மறுபடியும் போனோம். மாமா விலை பேசப் போகிறார் என்று நினைத்தேன். மாமிதான் பேசினார். விற்பதையும் வாங்குவதையும் தொடவே இல்லை. பங்குனி கடைசியிலிருந்து ஆடி வரைக்கும் பின்கட்டை வாடகைக்குக் கொடுப்பீர்களா என்று நேராகக் கேட்டார். அந்த அம்மாள் சிரித்துவிட்டு, அந்த மாசம்தான் எல்லாரும் கேட்கிறார்கள், அப்போது வாடகை மூன்று மடங்கு என்றார். கார்த்திகை முதல் தை வரை வேண்டுமானால் மூன்றில் ஒரு பங்குக்குத் தருவதாகச் சொன்னார்.

“கார்த்திகைல எங்க ஊரே நல்லா இருக்கும்” என்றார் மாமி. பிறகு பேரம் முக்கால் மணி நேரம் நடந்தது. குக்கர் எங்களுடையது, விறகு அவர்களுடையது, தண்ணீர் லாரிக்குப் பாதிப் பாதி. இரண்டு மடங்கில் நின்றது. ஆகஸ்ட் 15 மாதா கோயில் திருநாளுக்கு நெல்லித்தோப்பில் இருந்தாக வேண்டும் என்பதால் ஆடி முடிவதற்கு முன்பே காலி செய்துவிடுவோம், அந்த நாட்களுக்கு வாடகை கழிக்க வேண்டும் என்பது மாமியின் கடைசி நிபந்தனை. மாமா அட்வான்ஸ் எடுக்கப் பர்ஸைத் திறந்தபோது, இட்லி மாவு பொங்க அடுப்புப் பக்கம் எவ்வளவு இடம் விடுவீர்கள் என்று மாமி இன்னொரு தரம் உறுதி செய்துகொண்டார்.